ஊபெதா அரண்மனையின் முற்றம்

பழைய அரண்மனைகளைத் தங்கும் விடுதிகளாக்கலாமா, கூடாதா? நண்பர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் எழுந்து, முடிவின்றி அடங்கிவிடும் வினாக்களுள் இதுவும் ஒன்று. "வரலாற்றை வாடகைக்கு விடுகிறார்கள்" என்று ஒரு சாரார் கொதிப்பர். "பூட்டி வைத்து வௌவால்களுக்குக் கொடுப்பதைவிட இது மேல்" என்று மற்றொரு சாரார் அமைதி சொல்வர். நாங்கள் நெடுங்காலம் முதற்சாராரின் பக்கமே நின்றோம். கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் கல்லூரி ஆசிரியர்கள். ஒருவர் தமிழும் மற்றவர் வரலாறும் கற்பிக்கிறோம். தொழில் தந்த பழக்கமோ என்னவோ, பழங்கட்டடம் என்றால் அங்கே கயிறு கட்டியிருக்க வேண்டும், விளக்கப் பலகை வைத்திருக்க வேண்டும், பார்வையாளர் எதையும் தொடாமல் நடக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணமாயிருந்தது. அவ்வெண்ணத்தில் ஒரு பாதியைத் தெற்கு ஸ்பெயினின் ஊபெதா என்னும் சிறு நகரில் இழந்தோம். மறுபாதியை முன்னினும் உறுதியாகப் பற்றிக்கொண்டு திரும்பினோம். இரண்டையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பருவத் தேர்வுகள் முடிந்த டிசம்பர் விடுமுறையில் அமைந்த பயணம் அது. கிரானடா நகரிலிருந்து பேருந்தில் வடக்கு நோக்கிச் சென்றோம். இரண்டு மணி நேரத்துக்கு மேலாகக் கண்ணில் பட்டது ஒரே காட்சிதான். குன்றின்மேல் ஒலிவ மரம், சரிவில் ஒலிவ மரம், சாலையோரத்தில் ஒலிவ மரம். சீப்பால் வாரி விட்டாற்போல் வரிசை வரிசையாக அவை அடிவானம்வரை சென்றன. ஊபெதா அமைந்திருக்கும் ஹயேன் மாகாணத்தில் மட்டும் 6 கோடிக்கும் மேற்பட்ட ஒலிவ மரங்கள் உள்ளனவாம். உலகில் வேறெந்த மாகாணமும் இவ்வளவு ஒலிவ எண்ணெய் தருவதில்லை. நாங்கள் சென்றது அறுவடைக் காலம். மரத்தடியில் வலை விரித்து, கிளைகளை உலுக்கிக் காய்களை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். பேருந்தின் கதவு திறக்கும்போதெல்லாம் எண்ணெய் ஆலைகளின் கசப்பு மணம் உள்ளே வந்தது.

குவாதல்கிவிர் ஆற்றின் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு மேட்டின்மீது நிற்கிறது ஊபெதா. அரபு முஸ்லிம்களின் ஆட்சியில் வளர்ந்து, பதின்மூன்றாம் நூற்றாண்டில் காஸ்டீல் மன்னர் வசமாகி, பதினாறாம் நூற்றாண்டில் செல்வத்தின் உச்சியைத் தொட்ட ஊர் இது. அந்நூற்றாண்டின் மறுமலர்ச்சிக் கட்டடக்கலைக்காகவே ஊபெதாவையும் அதன் அண்டை நகரான பயேசாவையும் 2003இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. ஊரின் கிழக்கோரத்தில் வாஸ்கெஸ் தெ மொலினா சதுக்கம். நாங்கள் தங்கிய விடுதி அச்சதுக்கத்தில்தான் இருக்கிறது. மாலகா பேராலயத்தின் முதன்மைக் குருவாயிருந்த பெர்னாந்தோ ஒர்த்தேகா என்பவர் பதினாறாம் நூற்றாண்டில் கட்டிக்கொண்ட அரண்மனை அது.

அச்சதுக்கத்தின் நடுவில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தாலே நம் வினாவுக்குரிய மூன்று விடைகளும் கண்முன் நிற்பதைக் காணலாம். முதலாவது, சான் சல்வதோர் ஆலயம். பேரரசர் ஐந்தாம் சார்லசின் செயலராயிருந்த பிரான்சிஸ்கோ தெ லோஸ் கோபோஸ் தம்மை அடக்கம் செய்வதற்கென்று எழுப்பியது. தியேகோ தெ சிலோயே வரைந்த திட்டத்தை ஆந்திரேஸ் தெ வந்தெல்விரா என்னும் பெருங்கலைஞர் கல்லில் நிறைவேற்றினார். 1536இல் தொடங்கிய பணி நிறைவுற்று, 1559இல் அது திருநிலைப்படுத்தப்பட்டது. கோபோசின் வழிவந்த பிரபு குடும்பத்தின் அறக்கட்டளைக்கே இன்றும் அது உடைமை. சீட்டு வாங்கி உள்ளே சென்று, பார்த்துவிட்டு வெளியே வரலாம்.

இரண்டாவது, கோபோசின் உறவினரான ஹுவான் வாஸ்கெஸ் தெ மொலினாவின் அரண்மனை. வாசலில் முன்பு இருந்த சங்கிலிகளால் 'சங்கிலி மாளிகை' என்று பெயர் பெற்றது. அவருக்குப்பின் கன்னியர் மடமாகி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகர மன்றமாயிற்று. வரி கட்டவும் புகார் சொல்லவும் ஊரார் அதற்குள் போய்வருகிறார்கள். மூன்றாவது, நாங்கள் தங்கிய குருவின் அரண்மனை. அரசு நடத்தும் விடுதி. ஆக, ஒரே சதுக்கத்தில் ஒன்று காட்சிப் பொருள், ஒன்று அலுவலகம், ஒன்று உறங்கும் இடம். மூன்றிலும் வந்தெல்விராவின் கைவண்ணம் காண்கிறார்கள் கலை வரலாற்றாளர்கள். ஆனால் மூன்று கட்டடங்களுக்குள்ளும் மனிதர் நடந்துகொள்ளும் முறையோ வெவ்வேறு!

அரசே விடுதி நடத்தும் இவ்வழக்கம் எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 'பராதோர்' என்பது 'நின்று தங்கும் இடம்' என்னும் பொருளுடைய பழைய ஸ்பானியச் சொல். 1911இல் அரசரின் சுற்றுலா ஆணையராகப் பொறுப்பேற்ற வேகா-இன்க்லான் பிரபுவுக்கு, வெளியூரார் வந்தால் நல்ல முறையில் தங்க இடமில்லையே என்ற கவலை இருந்தது. அக்கவலையின் விளைவாக 1928இல் கிரேதோஸ் மலைப்பகுதியில் முதல் பராதோர் எழுந்தது. மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ அதைத் திறந்து வைத்தார். அது புதிதாகக் கட்டப்பட்டது. அடுத்த கட்டமாகப் பழங்கட்டடங்களின் பக்கம் பார்வை திரும்பியது. 1930இல் ஊபெதா அரண்மனை விடுதியாயிற்று. தங்க இடமில்லை என்ற குறைக்கும் கட்டடம் இடிகிறது என்ற குறைக்கும் ஒரே மருந்து கண்ட அந்த அறிவு பாராட்டுக்குரியது. இன்று கோட்டைகள், மடாலயங்கள், அரண்மனைகள், புதுக்கட்டடங்கள் எனத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பராதோர்கள் ஸ்பெயின் எங்கும் உள்ளன. 1991 முதல் அரசுக்கே உரிய நிறுவனம் ஒன்று அவற்றை நடத்தி வருகிறது.

இனி நாங்கள் தங்கிய கதை. இரண்டு இரவுகளுக்கு நாங்கள் கொடுத்த தொகை எங்கள் மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு. ஆதலால் கண்ணில் பட்டதையெல்லாம் சற்றுப் பேராசையோடுதான் பார்த்தோம். வெளிமுகப்பு ஆடம்பரமற்றது, நீண்டு, அடக்கமாக நிற்கிறது. மூலைச் சாளரத்தில் மட்டும் சுவரின் இரு பக்கங்களும் சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய வெண்பளிங்குத் தூண் நிற்கிறது. சுவரின் முழு எடையும் அந்த ஒரு சிறு தூணின் தலையில் இறங்குவதுபோல் கண்ணை மயக்கும் வேலை! உள்ளே நுழைந்தால் சதுர முற்றம். நாற்புறமும் ஒல்லியான தூண்கள், வளைவுகள். மேல்தளத் தாழ்வாரத்துக்குக் கண்ணாடி அடைத்திருக்கிறார்கள். அறைகளின் கதவுகள் அத்தாழ்வாரத்தில் திறக்கின்றன.

முதல் இரவில் உறக்கம் கொள்ளாமல் நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. கட்டடத்தைப் பார்ப்பது வேறு, அதனோடு இருப்பது வேறு. பகலில் சுற்றுலாப் பயணி காண்பது முகப்பை. இரவில் விருந்தினன் அறிவது சுவரின் கனத்தை. சாளரப் படியில் ஒருவர் வசதியாக உட்காரலாம். அவ்வளவு தடித்த சுவர். வெளியே உறையவைக்கும் குளிர். அச்சுவர் பகல் வெயிலைத் தன்னுள் சேமித்து மெல்ல விடுகிறது என்பதை ஏட்டில் படித்திருந்தோம். உள்ளங்கையை வைத்துப் பார்த்தது அன்றுதான். நள்ளிரவுக்குப்பின் சதுக்கத்தில் ஆளில்லை. ஆலயத்தின் முகப்புச் சிற்பங்கள்மீது மஞ்சள் விளக்கொளி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. விடியலில் முதல் வெயில் அந்த மணற்கல்லில் பட்டபோது, அதற்கு 'பொன்னிறக் கல்' என்று ஏன் பெயர் சொல்கிறார்கள் என்பது புரிந்தது. பத்து மணிக்குச் சீட்டு வாங்கி வருபவருக்கு இக்காட்சி கிட்டாது.

கட்டடத்தைக் காப்பதில் புழக்கத்துக்கு உள்ள பங்கும் அங்கே தெளிவாயிற்று. குடியிருக்கும் வீட்டில் ஓடு உடைந்தால் அன்றே தெரியும். நீர் கசிந்தால் மறுநாளே ஆள் வருவார். பூட்டிய வீட்டில் அதே கசிவு பத்தாண்டு கழித்து உத்தரம் விழும்போதுதான் தெரியவரும். அருங்காட்சியகம் கட்டடத்தின் உடலைக் காக்கிறது; அதற்கும் பணமும் அக்கறையும் இருந்தால்தான். அடுப்பெரிந்து, விளக்கேறி, மனிதர் புழங்கும் வீடோ தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. கயிறு கட்டிக் காக்கவேண்டும் என்ற எங்கள் பழைய எண்ணத்தின் ஒரு பாதி இவ்வாறு அந்தச் சாளரப் படியிலேயே கழன்று விழுந்தது.

மறுநாட் காலையில் மற்றொரு பாதி விழித்துக்கொண்டது. எங்களுள் வரலாறு கற்பிப்பவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இவ்வளவு கல்லுக்கும் காசு எங்கிருந்து வந்தது?" அழகில் மயங்கிக் கிடந்த தமிழாசிரியரிடம் விடையில்லை. விடை வரலாற்றில் இருக்கிறது. கோபோஸ் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை அல்லர். ஊபெதாவில் எளிய நிலையிலிருந்த ஒரு மேற்குடிக் குடும்பத்தில் பிறந்து, எழுத்துப் பணியில் சேர்ந்து, பேரரசரின் செயலராக உயர்ந்தவர். உயர்வோடு பதவிகளும் வந்தன. அமெரிக்கக் குடியேற்றங்களில் எடுக்கப்பட்ட பொன்னையும் வெள்ளியையும் உருக்கித் தரம் பார்த்து முத்திரையிடும் உரிமை அவற்றுள் ஒன்று. முத்திரை விழும்போதெல்லாம் அவருக்கு ஒரு பங்கு. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், தம் மண்ணைப் பறிகொடுத்த மக்கள் சுரங்கத்திலும் ஆற்று மணலிலும் பாடுபட்டு எடுத்த பொன்னில் ஒரு துளி இச்சதுக்கத்தில் வந்து கல்லாக நின்றது. நாங்கள் தங்கிய அரண்மனைக்குரிய ஒர்த்தேகா, அந்தக் கோபோசின் ஆலயத்துக்கு முதல் தலைமை அர்ச்சகர். செயலரின் நிழலில் அவர் நிமிர்ந்தார். அவர் நிழலில் இம்முற்றம் எழுந்தது. விடியலில் நாங்கள் வியந்த பொன்னிறத்துக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு.

ஆனால் இதைச் சொல்லும் ஒரு வரிகூட எங்கள் அறையில் வைத்திருந்த அழகிய கையேட்டில் இல்லை. கட்டடத்தின் பெயரே நெடுங்காலம் வரலாற்றைக் குழப்பிக்கொண்டிருந்தது என்பதையும் பிறகு அறிந்தோம். இவ்விடுதிக்கு முன்பு வைத்திருந்த பெயர், ஊபெதாவில் பிறந்து காஸ்டீல் அரசின் படைத்தலைவராக உயர்ந்த ரூய் லோபெஸ் தாவலோஸ் என்பவருடையது. அவரோ 1428இல் நாடிழந்து அயலிடத்தில் இறந்தவர். இந்த அரண்மனை எழுந்ததற்கு ஒரு நூற்றாண்டு முந்தியவர்! வீட்டுக்கும் பெயருக்கும் தொடர்பில்லை. கேட்பதற்குக் கம்பீரமாக இருந்தால் போதும் என்று வைத்தார்கள் போலும்.

அன்று மதியம் உணவுக்கூடத்தில் உள்ளூர்ப் பண்டம் கேட்டோம். 'அந்திராஹோஸ்' என்று ஒன்று வந்தது. மாவைப் பிசைந்து, மெல்லியதாகத் தட்டி, கையால் பிய்த்துக் குழம்பில் போட்டு, உப்பிட்டு உலர்த்திய மீனோடு கொதிக்க வைத்தது. பெயரின் பொருளைக் கேட்டபோது பரிமாறிய இளைஞர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கந்தல் துணி." ஒலிவத் தோப்புகளில் கூலிக்குப் பறித்தவர்கள், இருக்கும் மாவை நீட்டிச் சமைத்த உணவாம். பிரபுவின் வீட்டில் வெள்ளைத் துணி விரித்த மேசையில், பீங்கான் தட்டில், அரைநாட் கூலிக்கு ஈடான விலையில் நாங்கள் கந்தலை உண்டோம். சுவையாகவே இருந்தது. ஆயினும் தொண்டையில் ஏதோ சிக்கியது.

அதே இளைஞர்தாம் மாலையில் முற்றத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவரோடு எங்களைப் பேச வைத்தார். அறை எடுக்காதவரும் முற்றத்து மேசையில் அமர்ந்து காப்பி அருந்தலாம் என்பது அங்குள்ள நல்ல வழக்கம். அம்முதியவர் உள்ளூர்க்காரர், வாரத்துக்கு இருமுறை வருவாராம். அவருடைய தாயார் இவ்விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்தவர். "சிறுவனாயிருந்தபோது பின்வாசலில் அம்மாவுக்காகக் காத்து நிற்பேன். முன்வாசல் வழியே நுழைய எனக்குத் துணிவு வந்தபோது வயது நாற்பதைக் கடந்திருந்தது" என்றார். அவருடைய ஐம்பதாவது மணநாளுக்குப் பிள்ளைகள் இங்கே ஓர் இரவு அறை எடுத்துக் கொடுத்தார்களாம். நன்றாக உறங்கினீர்களா என்று கேட்டோம். "மனைவி உறங்கினாள். நான் விரிப்பைத் தடவிக்கொண்டே கிடந்தேன்" என்றார். பிறகு கோப்பையில் இருந்ததைக் குடித்து முடித்துவிட்டு, இம்முற்றத்தில் மாலை வெயில் எந்தத் தூணில் கடைசியாகப் படும் என்று எங்களுக்குக் காட்டினார்.

ஸ்பானிய மொழியில் ஒரு சொல்வழக்கு உண்டு. பேச வந்ததை விட்டு வேறெங்கோ போய்விடுகிறவரை 'ஊபெதாவின் குன்றுகளில் திரிகிறார்' என்பார்கள். போருக்கு வரவேண்டிய வீரன் ஒருவன் போர் முடிந்தபின் வந்து, ஊபெதாவின் குன்றுகளில் வழி தவறிவிட்டேன் என்று சாக்குச் சொன்னதாகக் கதை. நாங்களும் சற்றே அக்குன்றுகளில் திரிய வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். எழுத்தாளர் இருவரைப் பற்றிச் சொல்லாமல் இவ்வூரைக் கடக்க முடியவில்லை.

ஸ்பானியக் கவிதையின் சிகரங்களுள் ஒருவரான சிலுவையின் புனித யோவான் இறந்த ஊர் ஊபெதா. 1591ஆம் ஆண்டின் இறுதியில் காய்ச்சலோடும் காலில் ஆறாப் புண்ணோடும் இங்கு வந்தார். பயேசாவில் அவரை அறிந்தவர் பலர். ஊபெதாவில் தம்மை யாரும் அறியார் என்பதற்காகவே இவ்வூரைத் தேர்ந்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. மடத்துத் தலைவர் அவரிடம் கடுமை காட்டினார். எளிய அறையொன்றே கிடைத்தது. டிசம்பர் 14 அன்று, 49ஆம் வயதில் இறந்தார். இரண்டாண்டு கழித்து அவர் உடல் இரகசியமாக செகோவியாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. ஊபெதா உரிமை கோரி வழக்காடியது. செர்வாந்தேசின் 'தொன் கிஹோத்தே'யில் பயேசாவிலிருந்து செகோவியாவுக்கு இரவில் சவம் சுமந்து செல்லும் காட்சிக்கு இதுவே தூண்டுதல் என்று கருதுவோரும் உண்டு. அவர் இறந்த மடத்துக்கும் குருவின் அரண்மனைக்கும் நடை தூரந்தான். அரண்மனை எழுந்து பல்லாண்டு கழிந்திருந்த காலம் அது. அங்கே முற்றமும் தூணும் இருக்க, இங்கே ஒரு குறுகிய அறையில் அந்தக் கவிஞர் படுத்துக் கிடந்தார். இன்று ஊபெதாவின் பெயரை உலக இலக்கியத்தில் நிறுத்துவது எந்த அறை என்று சொல்லவும் வேண்டுமோ?

மற்றவர் அந்தோனியோ மச்சாதோ. இளம் மனைவியை 1912இல் இழந்த துயரோடு பயேசாவுக்கு வந்து, 1919வரை அங்கே பிரெஞ்சு மொழி கற்பித்தவர். ஊபெதாவிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர். பதினாறாம் நூற்றாண்டுப் பல்கலைக்கழகக் கட்டடத்தில் இயங்கிய பள்ளி அது. அவர் வகுப்பறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் மேசை, மாணவர் பலகைகள், கரும்பலகை. நாங்கள் அங்கே நின்றபோது பக்கத்து அறைகளிலிருந்து பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. அக்கட்டடம் இன்றும் பள்ளிக்கூடந்தான்! ஒரு வகுப்பறை நினைவுச் சின்னம், மற்றவை வகுப்பறைகளே. இதைவிடச் சிறந்த பாதுகாப்பு முறையை நாங்கள் கண்டதில்லை. கட்டடம் எதற்காகப் பயன்பட்டதோ அதற்கே இன்றும் பயன்படுகிறது; யாருடைய மடியையும் அவிழ்க்கச் சொல்வதுமில்லை.

குன்றுகளிலிருந்து இறங்கிவிடுகிறோம். அரண்மனை விடுதியாகலாமா? ஆகலாம் என்பதே இன்று எங்கள் கருத்து. ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, முற்றம் திறந்திருக்க வேண்டும். அறைக்கு விலை வைப்பதில் தவறில்லை. வெந்நீருக்கும் விரிப்புக்கும் ஆள் கூலிக்கும் பணம் வேண்டுமே. ஆனால் தூணையும் வளைவையும் வானத்தையும் விலைக்கு விற்கக் கூடாது. ஊர்க்காரர் ஒரு காப்பியின் விலையில் வந்து உட்கார்ந்து போகும் வழி ஊபெதாவில் இருக்கிறது. காப்பி வாங்காதவரும் எட்டிப் பார்த்துப் போக வழி இருப்பின் இன்னும் நன்று.

இரண்டாவது, சுவர் முழுக்கதையும் சொல்லவேண்டும். கட்டியவர் பெயரும் கலைஞர் பெயரும் மட்டும் போதா. பொன் எங்கிருந்து வந்தது, விரிப்பை யார் துவைத்தார் என்பதும் அக்கட்டடத்தின் வரலாறே. இதே நிறுவனத்தின் லெயோன் நகர் விடுதியான சான் மார்க்கோஸ் மாளிகையை எண்ணிப் பாருங்கள். கவிஞர் கெவேதோ 1639 முதல் 1643வரை சிறையிருந்த இடம். இருபதாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரில் (1936–1939) ஆயிரக்கணக்கான குடியரசுக் கட்சியினரை அடைத்து வதைத்த முகாமும் அதுவே. அத்தகைய இடத்தில் மெத்தை விரித்து வரவேற்பவர், முன்பு அங்கே வெறுந்தரையில் கிடந்தவர்களைப் பற்றி விருந்தினருக்குச் சொல்லிவிட வேண்டாமா? சொன்னால் உறக்கம் கெடும் என்றால் ஓர் இரவு கெடட்டும்.

மூன்றாவது, உடைமை பொதுவில் இருக்க வேண்டும். அரசு நிறுவனம் என்றதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. பொருளாதார நெருக்கடியின்போது, 2012இன் இறுதியில், இந்நிறுவனமும் ஆட்குறைப்பில் இறங்கியது. ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆயினும் பொதுவுடைமைக்கு ஒரு தனி வலிமை உண்டு. கூட்டம் நிறையும் ஊரின் வருவாயைக் கொண்டு ஆளரவமற்ற ஊரின் விடுதியைத் தாங்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வி கேட்க ஒரு முகவரி இருக்கும். கைமாறிக் கைமாறிப் போகும் தனியார் சொத்தில், முற்றத்தை ஏன் மூடினாய் என்று யாரிடம் போய்க் கேட்பது?

இந்த மண்ணில் இக்கேள்வி புதிதன்று. 1937இல், உள்நாட்டுப் போரின் நடுவே ஹயேனுக்கு வந்த கவிஞர் மிகேல் எர்னாந்தெஸ், இந்த ஒலிவ மரங்கள் யாருடையவை என்று பறிப்பவர்களிடமே கேட்டுப் பாடினார். 1942இல் சிறையிலேயே மாண்டார். அவர் பாடல் இன்று ஹயேன் மாகாணத்தின் அதிகாரபூர்வப் பண். மரங்களைப் பற்றிக் கேட்ட கேள்வியை மாளிகைகளைப் பற்றியும் கேட்கலாம் அல்லவா? ஊபெதாவில் காய்கறி பயிரிட்டு விற்ற எளிய குடும்பத்தில் 1956இல் பிறந்த அந்தோனியோ முன்யோஸ் மொலினா, இன்று ஸ்பெயினின் முதன்மையான நாவலாசிரியர்களுள் ஒருவர். இவ்வூரை 'மாஹினா' என்று பெயர் மாற்றித் தம் நாவல்களில் குடியேற்றினார். அரண்மனைக்காரர்களின் ஊர், தோட்டக்காரர் மகனின் எழுத்தில் உலகுக்கு அறிமுகமாயிற்று.

புறப்படும் நாள் காலையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெட்டிகளோடு முற்றத்தில் நின்றோம். பத்து வயது மதிக்கத்தக்க பள்ளிப் பிள்ளைகள் இருபது முப்பது பேர் ஆசிரியை ஒருவரின் பின்னால் வரிசையாக உள்ளே வந்தார்கள். வரிசை இரண்டே நிமிடத்தில் கலைந்தது. ஒரு சிறுவன் தூண்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினான். பாதியில் மறந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். காலை உணவு உண்டுகொண்டிருந்த விருந்தினர் ஒருவர் முகம் சுளித்தார். எங்களுக்கோ அவ்விரைச்சல் இனித்தது. ஆசிரியை கையை உயர்த்திப் பேசத் தொடங்கினார். எங்களுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. 'வந்தெல்விரா' என்ற பெயர் மட்டும் காதில் விழுந்தது. பொன்னைப் பற்றியும் துவைத்த கைகளைப் பற்றியும் அவர் சொல்லியிருப்பார் என்றே நம்ப விரும்புகிறோம். இல்லையெனினும், கதவு திறந்திருக்கிறது. எண்ணிக்கொண்டிருந்த சிறுவன் வளர்ந்து ஒருநாள் தானே வந்து கேட்பான்.